பதினாறு அங்குலம்

சட்டம் ஒரு வேலி என்பர். வேலி என்றால் அது எங்கே நிற்கிறது என்பது வழிப்போக்கனுக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் சட்டங்கள் பலவும் எண்களை நாடுகின்றன. வாக்களிக்க 18 வயது என்று சொல்லிவிட்டால் அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ஓர் எண் எக்காரணத்துக்காகப் பிறந்ததோ, அக்காரணம் மறைந்த பின்னும் எண் மட்டும் நின்றுவிட்டால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் துப்பாக்கிச் சட்டத்தைப் போல ஏற்ற எடுத்துக்காட்டு வேறொன்றை நான் கண்டதில்லை.

அந்நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்படாத குடிமகன் ஒருவன், விற்பனைக்கன்றித் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தன் வீட்டுப் பட்டறையிலேயே ஒரு ரைபிளைச் செய்துகொள்ளலாம். நடுவண் அரசின் சட்டம் அதற்கு உரிமம் கேட்பதில்லை. குழலின் நீளம் 16 அங்குலம் இருந்தால் அவன் ஒரு கைவினைஞன். அதே குழல் பதினைந்தே முக்கால் அங்குலமாக இருந்து, முன் அனுமதியும் பெறாதிருந்தால், 10 ஆண்டுகள் வரை சிறை செல்லக்கூடிய குற்றவாளி. கால் அங்குலம் என்பது நம் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கும் குறைவு. அந்தக் கால் அங்குலத்துக்கு இத்தனை ஆற்றல் எங்கிருந்து வந்தது?

குழல் செய்யும் வேலை

முதலில் இயந்திரவியலைப் பார்ப்போம். துப்பாக்கி என்பது ஒருவகை வெப்ப எந்திரமே. நம் இயற்பியல் பாடத்தில் வரும் உருளையும் பிஸ்டனும் இங்கும் உண்டு. குழல்தான் உருளை, குண்டுதான் பிஸ்டன். ஒரே வேறுபாடு, இந்தப் பிஸ்டன் திரும்பி வருவதில்லை.

தோட்டாவிலுள்ள மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு விரிந்து குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும் வரையில்தான் அந்தத் தள்ளுதல் பயன்படும். எனவே குழல் நீண்டால், ஓர் எல்லை வரை, குண்டின் வேகம் கூடும். குறைந்தால் வேகமும் குறையும். அமெரிக்கப் படையின் எம்-16 ரைபிளின் குழல் 20 அங்குலம். அதிலிருந்து குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 950 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதே தோட்டாவைச் சுடும் எம்-4 ரைபிளின் குழல் 14.5 அங்குலம், வேகம் 900 மீட்டரை ஒட்டி இறங்கிவிடுகிறது.

வீணாகும் ஆற்றல் எங்கே போகிறது? எரிந்து முடியாத மருந்தும் அழுத்தம் தணியாத வாயுவும் குழல் முனையிலிருந்து தீப்பிழம்பாகவும் பேரோசையாகவும் வெளிவருகின்றன. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய குட்டை ரைபிள்களுக்கு முதலில் 10 அங்குலக் குழல் இருந்தது. அதன் ஒளியும் ஒலியும் தாங்க முடியாதவையாக இருந்ததால் முனையில் தனிக்கருவி பொருத்த வேண்டியதாயிற்று. பின்னர்க் குழலும் 11.5 அங்குலமாக நீண்டது.

மற்றொரு சிக்கலும் உண்டு. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள்கள் பலவற்றில், குழலிலுள்ள சிறு துளை வழியே வாயுவின் ஒரு பங்கு பிரிந்து சென்று அவ்வேலையைச் செய்கிறது. குண்டு அத்துளையைக் கடந்த பின் முனையை விட்டு வெளியேறும் வரைதான் அந்த வாயுவுக்கு அழுத்தம் உண்டு. குழல் குட்டையானால் அக்கால அளவு சுருங்குகிறது, இயக்கம் தடுமாறுகிறது. ஆகவே குழலைக் குறைப்பது என்பது கழியை நறுக்குவது போன்ற எளிய செயலன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றவை யாவும் நிலைமாறும்.

சட்டம் ஒன்றை அனுமதிப்பதாலேயே அது ஆபத்தற்றதாகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. வேட்டைக்குப் பயன்படும் .223 ரெமிங்டன் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தமோ 55,000 பவுண்டு. அது வெடிக்கும் கணத்தில் சுடுபவனின் கன்னம் அந்த அறைக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. உருக்கின் தரத்திலோ பொருத்தத்திலோ சிறு குறை நேர்ந்தாலும் அதன் விலை கண்ணாகவோ கையாகவோ இருக்கக்கூடும்.

ரவைகளைச் சிதறும் ஷாட்கன்னின் கதை சற்று வேறு. அதன் குழல் முனையில் பெரும்பாலும் ஒரு சிறு குறுகல் இருக்கும். ரவைகள் உடனே சிதறாமல் அது காக்கும். முனையை அறுத்தால் அக்குறுகலும் போய்விடுகிறது. ரவைகள் முன்னினும் விரைவில் பரவுகின்றன. ஆயினும் திரைப்படங்களில் காட்டுவது போல ஓர் அறை முழுவதையும் அவை நிரப்பிவிடுவதில்லை.

இவ்வளவு இழப்புக்கும் ஈடாகக் கிடைக்கும் ஆதாயம் முதன்மையாக ஒன்றே: குட்டைத் துப்பாக்கி இடத்தை அடைக்காது. வண்டிக்குள்ளும் வீட்டு அறைக்குள்ளும் எளிதில் திருப்பலாம். மேலங்கிக்குள் மறைக்கவும் செய்யலாம். சட்டத்தின் கண் பட்டது அந்தக் கடைசிச் சொல்லின் மீதுதான்.

எண் பிறந்த கதை

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. கள்ளச்சாராயக் கூட்டங்கள் பெருகின. 1929 பிப்ரவரி 14 அன்று சிக்காகோ நகரில் எழுவர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். இயந்திரத் துப்பாக்கியும் குழல் அறுக்கப்பட்ட ஷாட்கன்னும் செய்தித்தாள்களில் அன்றாடச் சொற்களாயின. 1934இல் அதிபர் பிராங்க்ளின் ரூசவெல்ட்டின் அரசு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அச்சட்டம் எதையும் நேரடியாகத் தடை செய்யவில்லை. குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றும்போது 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது. பிற்காலத்தில் புதிதாகச் செய்வதற்கும் அதே வரி வந்தது. அன்றைய 200 டாலர் ஏறக்குறைய ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலை. இன்றைய மதிப்பில் 4,000 டாலருக்கு மேல். வரி என்ற பெயரில் வந்த தடை என்றே அதைச் சொல்லலாம்.

இங்கேதான் நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய திருப்பம் இருக்கிறது. சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் ரிவால்வர்களும் அடங்கியிருந்தன. மறைத்து வைக்கக்கூடியவற்றைக் கட்டுப்படுத்துவதே அரசின் நோக்கம். அப்படியானால் ஒரு குறுக்குவழி தோன்றுமன்றோ? கைத்துப்பாக்கிக்கு வரி என்றால், ஒருவன் ரைபிளை வாங்கிக் குழலையும் கட்டையையும் அறுத்துக் கைத்துப்பாக்கி போல ஆக்கிக்கொள்ளலாம். அந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான் குட்டைக் குழல் விதி பயன்படும்.

ஆனால் துப்பாக்கி உரிமை அமைப்பினரின் எதிர்ப்பால் கைத்துப்பாக்கிகள் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டன. குட்டைக் குழல் விதியை மட்டும் எவரும் நீக்கவில்லை. கோட்டையை இடித்துவிட்டார்கள், கோட்டைக்குச் செல்லும் சந்தின் காவற்காரனை மட்டும் நிற்க வைத்துவிட்டார்கள். விளைவு என்ன? 4 அங்குலக் குழல் கொண்ட கைத்துப்பாக்கியைக் கடையில் வாங்குவது எளிது. 15 அங்குலக் குழல் கொண்ட ரைபிளுக்கோ நடுவண் அரசின் பதிவேட்டில் இடம் வேண்டும். அந்நாட்டில் துப்பாக்கியால் நிகழும் கொலைகளில், ஆயுதத்தின் வகை தெரிந்தவற்றுள், பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நிகழ்பவை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் முரண்பாடு முழுமையாகப் புலப்படும்.

எண்ணும் நிலையாக நிற்கவில்லை. 1934இல் ரைபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 18 அங்குலம் என்றிருந்தது. 1960இல் ரைபிளுக்கு 16 அங்குலமாகக் குறைந்தது. ஷாட்கன்னுக்கு 18 அப்படியே நின்றது. இவற்றிலிருந்து உருமாற்றப்பட்ட துப்பாக்கியின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பதும் விதி. ஒரு நாள் குற்றமாக இருந்த 17 அங்குல ரைபிள் மறுநாள் குற்றமற்றதாயிற்று. அந்த இரும்பில் எந்த மாற்றமும் இல்லை!

பட்டறையில் சட்டம்

வீட்டில் குட்டைக் குழல் ரைபிள் செய்ய விரும்புபவன் என்ன செய்ய வேண்டும்? முதல் அரத்தைக் கையில் எடுக்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, உள்ளூர்க் காவல் தலைமைக்கு அறிவிப்பு எல்லாம் உண்டு. அனுமதி கிடைத்த பின்தான் வேலையைத் தொடங்கலாம். செய்தவன் பெயரும் ஊரும் மாநிலமும் தொடரெண்ணும் துப்பாக்கியில் பொறிக்கப்பட வேண்டும். செய்து முடித்துவிட்டுப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் இந்த வழியும் சாதாரணக் குடிமகனுக்கு அடைபட்டிருக்கிறது.

நீளத்தை அளப்பதற்கும் முறை உண்டு. குழலின் வெளிப்புறத்தை அளப்பதில்லை. துப்பாக்கி மூடிய நிலையில், தோட்டாவின் பின்புறம் அமரும் முகத்திலிருந்து குழல் முனை வரை உள்ளே ஒரு கோல் செலுத்தி அளப்பார்கள். முனையில் திருகிக் கழற்றக்கூடிய கருவி கணக்கில் சேராது. கழற்ற முடியாதபடி நிலையாகப் பற்றவைத்தது சேரும்.

இதற்கும் மேல் ஒரு நுட்பமான வினா எழுந்தது. ஒருவனிடம் கைத்துப்பாக்கி இருக்கிறது. அதற்குப் பொருந்தும் தோள்கட்டையும் இருக்கிறது. நீண்ட குழலும் இருக்கிறது. கட்டையையும் நீண்ட குழலையும் பூட்டினால் முறையான ரைபிள். கட்டையைக் குட்டைக் குழலோடு பூட்டினால் குற்றம். இன்னும் எதையுமே பூட்டவில்லை. பெட்டியில் பாகங்களாகவே கிடக்கின்றன. இது குற்றமா? தாம்சன் சென்டர் என்ற நிறுவனம் 10 அங்குலக் குழல் கைத்துப்பாக்கியோடு 21 அங்குலக் குழலும் கட்டையும் கொண்ட தொகுப்பை விற்க முனைந்தபோது இவ்வழக்கு எழுந்தது. அந்நிறுவனம் 200 டாலர் வரியைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பித் தரக் கோரி வழக்காடியது. 1992இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் பொருள் ஐயத்துக்கு இடமாக இருந்து, அதை மீறினால் தண்டனையும் உண்டென்றால், ஐயத்தின் பலன் குடிமகனுக்கே என்பது அத்தீர்ப்பின் சாரம். 200 டாலருக்கான வழக்கிலிருந்து பிறந்த நல்ல பாடம் இது.

அளவுகோலின் மறுமுனை

எண் தெளிவாக இருக்கும் இடத்தில் மனிதன் அதன் விளிம்பில் சென்று நிற்பான். 2012ஐ ஒட்டி அமெரிக்கச் சந்தையில் ஒரு புதுப் பொருள் வந்தது. கையில் வலுவில்லாதவர்கள் கனமான கைத்துப்பாக்கியைப் பிடிக்க உதவும் முன்கைத் தாங்கி அது. கைத்துப்பாக்கியின் பின்புறத்தில் அதைப் பொருத்தினால் தோள்கட்டையைப் போலவே தோன்றும்; தோளில் ஊன்றிச் சுடவும் முடியும். இது கைத்துப்பாக்கியா, குட்டைக் குழல் ரைபிளா? இத்தகைய தாங்கிகள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. பத்தாண்டுகளுக்குப் பின், 2023 ஜனவரியில், இவற்றுள் பெரும்பாலானவை ரைபிளே என்று சொல்லும் புதிய விதியை அரசு வெளியிட்டது. நேற்று வரை சட்டப்படி நடந்தவர்கள் தாங்கள் எதையும் மாற்றாமலே குற்றத்தின் நிழலுக்குள் வந்தனர். 2024 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்தின் நடுவண் நீதிமன்றம் ஒன்று அவ்விதியை நீக்கியது. அங்குலத்தில் தொடங்கிய விதி, தோளுக்கும் முன்கைக்கும் உள்ள வேறுபாட்டில் வந்து முட்டிக்கொண்டது.

இவையெல்லாம் வாதத் திறமை பற்றிய வேடிக்கைகள் என்று எண்ணிவிட வேண்டாம். 1989இல் ஐடகோ மாநிலத்தின் மலைப்பகுதியில் வாழ்ந்த ராண்டி வீவர் என்பவர், அரசின் ஒற்றன் ஒருவனுக்குக் குழல் அறுத்த 2 ஷாட்கன்களை விற்றார் என்று வழக்குத் தொடரப்பட்டது. வெள்ளையர் தனித்து வாழ வேண்டும் என்ற வெறுக்கத்தக்க கொள்கை உடையவர் அவர். ஒற்றன் தூண்டியதாலேயே அப்படி நடந்தது என்பது அவர் தரப்பு. நீதிமன்றத்துக்கு வராத அவரைப் பிடிக்க 1992 ஆகஸ்டில் ரூபி ரிட்ஜ் என்ற இடத்தில் நடந்த முற்றுகை 11 நாள்கள் நீடித்தது. வில்லியம் டீகன் என்ற காவல் அலுவலர் இறந்தார். வீவரின் 14 வயது மகன் இறந்தான். கைக்குழந்தையை ஏந்தி நின்ற அவருடைய மனைவி, நடுவண் புலனாய்வுத் துறையின் குறிசுடுநர் சுட்ட குண்டுக்குப் பலியானார். 1993இல் நடுவர் குழு, துப்பாக்கிக் குற்றச்சாட்டிலிருந்து வீவரை விடுவித்தது. நீதிமன்றத்துக்கு வராததும் பிணை நிபந்தனையை மீறியதும் மட்டுமே மெய்ப்பிக்கப்பட்டன. 1995இல் அரசு அக்குடும்பத்துக்கு 31 இலட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஒருவர் கொள்கை நமக்கு எவ்வளவு அருவருப்பானதாயினும், சில அங்குல இரும்பில் தொடங்கிய வழக்கு 3 உயிர்களில் முடிந்ததை எந்த மனச்சான்றும் ஏற்காது.

வரி போனது, பதிவேடு நின்றது

இச்சட்டம் எந்த அடித்தளத்தின் மீது நிற்கிறது என்ற வினா தொடக்கத்திலேயே எழுந்தது. 1937இல் சான்சின்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், இது வரி விதிக்கும் அதிகாரத்துக்கு உட்பட்டது, எனவே செல்லும் என்றது. 1939இல் வந்த மில்லர் வழக்கு இன்னும் புகழ்பெற்றது. ஓக்லகோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குப் பதிவு செய்யாத குட்டைக் குழல் ஷாட்கன்னைக் கொண்டுசென்றதாக இருவர் மீது வழக்கு. குடிப்படையின் பணிக்கு இத்தகைய துப்பாக்கி பொருத்தமானது என்பதற்குச் சான்று இல்லாத நிலையில், அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் இதைக் காக்கும் என்று சொல்ல இயலாது என்றது நீதிமன்றம். வியப்பு என்னவென்றால், எதிர்த்தரப்பில் வாதாட அன்று எவருமே வரவில்லை. தீர்ப்பு வருமுன்பே மில்லரும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் சொன்ன அத்தீர்ப்பை வைத்து அந்நாட்டு அறிஞர்கள் பல்லாண்டுகள் வாதிட்டனர்.

இப்போது கதை புது வளைவுக்கு வந்திருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையொப்பமான ஒரு பெரிய வரவு செலவுச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ரைபிள், குட்டைக் குழல் ஷாட்கன், ஒலியடக்கி ஆகியவற்றுக்கான 200 டாலர் வரியைச் சுழியமாக்கிவிட்டது. பதிவும் முன் அனுமதியும் தண்டனையும் மட்டும் அப்படியே இருக்கின்றன. வரி அதிகாரத்தின் மீது எழுப்பிய வீட்டில் வரியே இல்லாதபோது வீடு எதன் மேல் நிற்கிறது என்று கேட்டு வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. முதலில் காரணம் போயிற்று. இப்போது கருவியும் போயிற்று. எண் மட்டும் இருக்கிறது.

நம் நாட்டில் இக்கேள்விக்கு விடை எப்படி என்று நண்பர்கள் கேட்கலாம். நம் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமமின்றித் துப்பாக்கி செய்வதையே தடுக்கிறது. 6ஆம் பிரிவு, உரிமமின்றி எந்தத் துப்பாக்கியின் குழலையும் குட்டையாக்கக் கூடாது என்கிறது. அங்கே எத்தனை அங்குலம் என்பது கேள்வி. இங்கே உரிமம் உண்டா என்பதே கேள்வி. அங்குள்ள விதி விளிம்பில் நின்று விளையாட இடம் தருகிறது; இங்குள்ள விதி அந்த விளையாட்டுக்கு இடம் தருவதில்லை.

இதனால் எண்களே சட்டத்துக்கு ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. எண் இல்லாத சட்டம் அதிகாரியின் மனம் போன போக்குக்குக் குடிமகனை ஒப்படைத்துவிடும். முன்கைத் தாங்கி பட்ட பாடே அதற்குச் சான்று. என் கருத்தெல்லாம் இதுதான்: ஓர் எண்ணைச் சட்டத்தில் எழுதும்போது அதன் காரணத்தையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். காரணத்தை நீக்கும் நாளில் எண்ணையும் எடுத்துப் பார்த்து, இது இன்னும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். மறைக்கக்கூடிய ஆயுதம் ஆபத்தானது என்று அந்நாடு உண்மையிலேயே நம்பினால், கைத்துப்பாக்கியைப் பற்றி முடிவு செய்யட்டும். நம்பவில்லையென்றால், கால் அங்குலத்துக்காக ஒருவனைப் பத்தாண்டு சிறைக்கு அனுப்பும் விதியை விட்டுவிடட்டும். இரண்டுமின்றி 90 ஆண்டுகளுக்கும் மேலாக அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது சட்டமாகாது; அது பழக்கம்.

நாளை சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் அமரப்போகிறவர்கள் நம்மில் பலர். நம் மேசைக்கும் இத்தகைய எண்கள் வரும். அவற்றுக்குக் கீழே கையொப்பமிடும் முன், இந்த எண் ஏன் வந்தது என்று ஒரு முறை கேட்போமாக.